ஆரஞ்சு அலர்ட் மாமா

எங்கள் வேளச்சேரிப் பக்கத்து அடுக்குமாடிகளில் இவர் தளத்துக்கு ஒருவராவது இருப்பார். பருவநிலை மாற்றத்தை நம்பாத ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். நம்மைவிட அதிகமாகவே நம்புகிறார். எல் நினோவையும் லா நினாவையும் தம்பி பிள்ளைகளைப் போல உரிமையோடு திட்டுவார். 2015 வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது, 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கதை, மிக்ஜாம் புயலில் கரண்ட் போன நேரம், எல்லாம் விரல் நுனியில்.

"பூமி சூடாகுதுப்பா!" என்பார், 18 டிகிரி ஏசியில், கழுத்து வரை போர்வைக்குள் இருந்தபடி. "ஒரு டிகிரி கூட்டினாலே சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாம் மாமா, 24-இல் வையுங்களேன்" என்றேன்.

"வச்சுப் பார்த்தேன். போர்வைக்குள்ள புழுங்குது."

வாசல் வேப்பமரத்தை வெட்டவைத்தவரும் இவர்தான். கார் மேல் இலை விழுகிறதாம், காக்கை எச்சம் வேறு. இப்போது தினமும் உச்சிவெயிலில் காரை எடுத்துக்கொண்டு நிழல் தேடி அடுத்த தெருப் புங்கமரத்தடிக்குப் போகிறார். "இந்தத் தெருக்காரங்களுக்கு மரத்தோட அருமை தெரிஞ்சிருக்கு" என்று பாராட்டு வேறு.

மொட்டை மாடியில் சோலார் போடலாம், அரசு மானியம் உண்டு என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. முதல் எதிர்ப்பு இவரிடமிருந்து: "அப்புறம் வடாம் எங்கே பிழியறது?" இவர் வீட்டில் வடாம் பிழிந்து யாரும் பார்த்ததில்லை; அப்பளமே ஆன்லைனில்தான் வருகிறது. அடுத்து, "சீனாக்காரன் நிறுத்தட்டும், அமெரிக்காக்காரன் நிறுத்தட்டும். நம்ம எட்டு வீட்டால என்ன ஆயிடப் போகுது?" இதில் பாதி நியாயம் இருப்பதுதான் தொல்லை. சராசரி அமெரிக்கர் விடும் கரியமில வாயு நம்மவர் விடுவதைப்போலப் பல மடங்கு. ஆனால் அந்த ஏழை இந்தியக் கணக்கில் இவர் வீட்டு மூன்று ஏசிகளும் ஒளிந்துகொள்கின்றன.

'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியபோது ஆசையாக ஒரு பை வாங்கினார். கார் டிக்கியில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, சமயத்தில் மனிதர் செயல்வீரர்தான். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசைகட்டி நிறுத்தினார்களே, அதில் இவருடையதும் ஒன்று. மஞ்சப்பை நனையவே இல்லை.