பட்டுப் போகவில்லை, பூக்கப் போகிறது

பங்குனி பாதியைத் தாண்டினால் காஞ்சிபுரத்துக் கடிதங்களில் சரக்கொன்றை தலைகாட்டும். இந்த வாரம் முழுக்க அதுவே.

பிள்ளையார்பாளையம் வாசகர்: வாசலில் வைத்த சரக்கொன்றை இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. பட்டுப் போய்விட்டதா?

காஞ்சிபுரத்திலிருந்து பட்டு போவது கல்யாண வீடுகளுக்கு மட்டும்தான். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கொன்றை இலையுதிர்க்கும் இனம். வெயில் ஏறும் நேரத்தில் இலை வழியாக ஆவியாகும் நீரை மிச்சம் பிடிக்கவே அது மொட்டையடித்துக்கொள்கிறது. சித்திரை, வைகாசியில் மஞ்சள் சரம் சரமாகத் தொங்கும். தளிரும் கூடவே வரும். நம்பிக்கை வரவில்லையென்றால் சின்னக் கிளை ஒன்றின் தோலை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வேரூன்றிய கொன்றை வறட்சியைத் தாங்கும், எனவே குடத்துக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம்.

அவரே: விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவோம். பூ கொட்டினால் கறை படியுமா?

நசுங்கிய ஈரப் பூ வெள்ளைப் பட்டில் கறை வைக்காது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். அடுத்த கன்றைக் கொல்லைப்புறம் வையுங்கள்.

செவிலிமேடு வாசகி: எங்கள் ஊர் பாலாற்று மணல். அக்காள் வீடு ஏரிப் பாசனக் களிமண். எங்கே வைத்தால் நன்றாக வரும்?

இந்த ஒரு விஷயத்தில் தங்கைக்குத்தான் யோகம். கொன்றைக்கு வேண்டியது முழு வெயிலும், நீர் வடிந்து போகும் மண்ணும். ஏழை மண் என்றாலும் கோபித்துக்கொள்ளாது. தேங்கும் தண்ணீரைத்தான் பொறுக்காது. இந்தப் பக்கத்தில் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பதால், களிமண்ணில் குழி வெட்டி நட்டால் அது கன்றுக்குக் குளமாகிவிடும். அக்காள் மண்ணைக் கூட்டி மேடு கட்டி, அதன்மேல் நடட்டும். மாடி நிழல் விழும் மூலையில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று அடுத்த கடிதம் எழுதக் கூடாது.

ஓரிக்கை வாசகர்: காயை உடைத்து விதை போட்டேன். மாதங்கள் ஓடிவிட்டன, ஒன்றும் முளைக்கவில்லை.

விதையின் மேலோடு அவ்வளவு கெட்டி, தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. காட்டில் குரங்கும் நரியும் கரடியும் காயின் உள்ளே இருக்கும் கருப்புச் சதைக்காக அதைத் தின்று, விதையை வேறிடத்தில் கழித்துவிட்டுப் போகும். வீட்டில் கரடிக்கு எங்கே போவது? விதையின் ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, அல்லது கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, ஓர் இரவு ஊறவிட்டு விதையுங்கள். முளைத்தபின் பூவுக்கு நாலைந்து ஆண்டாவது காத்திருக்க வேண்டும். அந்தச் சதையைச் சுவைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். சித்த மருத்துவத்தில் அது பேதி மருந்து.

அய்யம்பேட்டை வாசகி: தளிரெல்லாம் பச்சைப் புழு. என்ன மருந்து அடிக்கலாம்?

புழு நூற்றதை விற்றுப் பிழைக்கும் ஊரில் இன்னொரு புழுவின் மேல் இத்தனை கோபமா? பெரும்பாலும் அவை மஞ்சள் கலந்த வெள்ளைப் பட்டாம்பூச்சியின் பிள்ளைகளாக இருக்கும். கொன்றை இலை அவற்றின் சாப்பாடு. வளர்ந்த மரம் மறுபடி தழைத்துக்கொள்ளும். கைக்கெட்டும் சிறு கன்றில் மட்டும் பொறுக்கி எடுத்தால் போதும். மருந்து அடித்தால் கருவண்டுக்கும் ஆபத்து. கொன்றைப் பூவில் தேன் கிடையாது. மகரந்தத்துக்காகவே வண்டு வருகிறது. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கிறது. அந்த ரீங்காரம் ஓய்ந்தால் காயும் குறையும்.

வாலாஜாபாத் வாசகர்: சாலையோரத்தில் பெரிய மரங்கள் மஞ்சளாகப் பூக்கின்றனவே, எல்லாம் கொன்றைதானே?

பூங்கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நின்றால் அது இயல்வாகை. தட்டையான செம்பு நிறக் காய் அதைக் காட்டிக்கொடுக்கும். கொன்றையின் சரம் கீழே தொங்கும். காய் ஒன்றரை, இரண்டு அடிக்கு உருண்ட கருங்குழலாக நீளும்.

சின்ன காஞ்சிபுரம் தமிழாசிரியை: சங்கப் பாட்டில் கொன்றை கார்காலப் பூ. நம் தெருவில் சித்திரையில் பூக்கிறது. யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம். கோடையில் பெரிய பூப்பு. மழைக்குப்பின் சில மரங்கள் மறுபடியும் கொஞ்சம் பூக்கும். குறுந்தொகை 66ஆம் பாட்டில், கார் வந்தும் தலைவன் வரவில்லை. பருவமில்லாத மழையைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்ட மடமரங்கள் என்று கொன்றையின் மேல் பழியைப் போட்டுத் தோழி தலைவியைத் தேற்றுகிறாள். மரத்துக்கு வக்கீல் வைக்க வழியில்லை.

தேனம்பாக்கம் வாசகர்: சிவனுக்கு உகந்தது கொன்றை. ஏகாம்பரநாதர் கோயிலில் மட்டும் தலமரம் மாமரமாக இருப்பது ஏன்?

அம்பாள் மணலால் லிங்கம் பிடித்துத் தவம் செய்தது மாமரத்தடியில் என்பது தலபுராணம். மணமகள் பார்த்த இடத்தை மாற்ற முடியுமா! கொன்றையைத் தலமரமாகப் பார்க்க அச்சிறுபாக்கம் ஆட்சீஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை அதுவும் காஞ்சிபுரம் மாவட்டம்தான்.

முத்தியால்பேட்டை வாசகி: தோட்டம் கிடையாது. மொட்டைமாடித் தொட்டியில் கொன்றை வைக்கலாமா?

முப்பது அடிக்கு மேல் வளரக்கூடிய மரத்தைத் தொட்டியில் அடைத்தால் உயிரோடு இருக்கும், பூவுக்கு உத்தரவாதம் இல்லை. அதன் உறவுக்காரியான ஆவாரையை வைத்துப் பாருங்கள். புதர்ச்செடி, மஞ்சள் பூ, வெயிலுக்கு அஞ்சாது. தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கட்டும்.