ஐந்து ஆண்டில் நான்கு பலகை

ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி 2002இல் தொடங்கிய ‘நேஷன்ஸ்டேட்ஸ்’ இணைய விளையாட்டில் யாரும் ஒரு நாட்டை ஆளலாம். சர்வாதிகாரியா, சாதுவா என்பதைக் குடிமை உரிமை, பொருளாதாரம், அரசியல் சுதந்திரம் ஆகிய மூன்றும் முடிவு செய்யும். சுற்றுச்சூழல் தனி மதிப்பெண். ஆட்சியின் வகைப்பெயரில் அதற்கு இடமில்லை.

மலேசியா இதை நிஜத்திலேயே ஆடிப் பார்த்துவிட்டது. பாரிசான் கூட்டணி ஆண்ட 2015இல் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்தது. பக்காத்தான் கூட்டணி ஆண்ட 2019லும் வந்தது. பத்து பெரண்டாம் ஊரில் கொடியில் காயப்போட்ட துணியைப் புகை நெடியோடு மடித்தவர்களுக்கு இரண்டு ஆட்சியும் ஒரே வாசனைதான்.

அமைச்சு மட்டும் சும்மா இருக்கவில்லை. 2018இல் எரிசக்தி, அறிவியல், தொழில்நுட்பம், பருவநிலை மாற்றத்தோடு ஒரே பலகையில் நெருக்கியடித்து நின்ற சுற்றுச்சூழல், 2020இல் தண்ணீரோடு குடித்தனம் போனது. 2022இல் தண்ணீர் பலகையிலிருந்து இறங்க, இயற்கை வளமும் மறுபடி பருவநிலை மாற்றமும் சேர்ந்தன. 2023 டிசம்பரில் பருவநிலையைக் கழற்றிவிட்டு, ‘நிலைத்தன்மை’யை ஒட்டினார்கள். பலகை எழுதுபவருக்கு மட்டும் வளர்ச்சி நிச்சயம்.

இந்தியாவின் வழி இன்னும் சிக்கனம். 2022இல் யேல், கொலம்பியா பல்கலைக்கழகங்களின் சுற்றுச்சூழல் செயல்திறன் பட்டியலில் 180 நாடுகளில் 180ஆம் இடம் கிடைத்ததும், கணக்குப் போட்ட முறையே தப்பு என்று அரசு அறிக்கை விட்டது. பலகைச் செலவு மிச்சம்.