ப்ராக்கோலியும் பாலிசியும்

கேள்வி: எல்லோரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே தீரவேண்டும் என்று அமெரிக்காவில் ஒபாமா சட்டம் போட்டாரே, அராஜகம் இல்லையா? வேண்டாம் என்பவரை விட்டுவிட வேண்டியதுதானே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: விட்டுவிடலாம். ஆனால் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் ஆஸ்பத்திரி விடாதே! எமர்ஜென்சியில் வருகிறவரைக் காசில்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என்பது அங்கே 1986-லிருந்து சட்டம். வசூலாகாத பில், சுற்றிச் சுற்றி, ஒழுங்காகப் பிரீமியம் கட்டுகிறவர் தலையில்தான் விடியும். போதாக்குறைக்கு, ஏற்கெனவே சர்க்கரை, பி.பி. இருப்பவருக்கும் பாலிசி மறுக்கக்கூடாது என்றது ஒபாமா சட்டம். நல்ல விஷயம்தான். ஆனால் கட்டாயம் இல்லாவிட்டால், ஆபரேஷனுக்கு டாக்டர் நாள் குறித்த பிறகுதான் ஆசாமி ஏஜென்ட்டுக்கே போன் போடுவார்.

‘அப்படியானால் ப்ராக்கோலி வாங்கு என்றும் சட்டம் போடலாமோ?’ என்கிற ரீதியில் இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் மடக்கினார் நீதிபதி ஸ்காலியா. நான் ப்ராக்கோலி சாப்பிடாததற்குப் பக்கத்து வீட்டுக்காரர் பில் கட்டுவதில்லையே ஐயா! பாலிசி எடுக்காதவருக்கு விதித்த அபராதத்தை ‘வரி’ என்று எடுத்துக்கொண்டு, 5-4 கணக்கில் சட்டம் தப்பியது. 2019 முதல் அந்த அபராதமும் பூஜ்யம்.

பெரிய தமாஷ், 2006-ல் மாசசூசெட்ஸில் இதே கட்டாயத்துக்குக் கையெழுத்துப் போட்ட கவர்னர் ரோம்னிதான், 2012 ஜனாதிபதி தேர்தலில் ஒபாமா சட்டத்தை நீக்குவேன் என்று ஓட்டுக் கேட்டு வந்தார்!