மாடப்புறாவின் மேல் குடியிருப்போர்: ஒரு முன்னோட்ட ஆய்வு

தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆனது. வீட்டுக்குக் கணக்கு உண்டு, குடிநீர் இணைப்புக்குக் கணக்கு உண்டு. புறாவின் மேல் எத்தனை குடித்தனம் என்பதற்கு மட்டும் கணக்கில்லை. அக்குறை போக்க எழுந்தது இக்கட்டுரை என்க.

ஆய்வுக் களம், சேலையூர்ப் பக்கம் மூன்றாம் மாடி ஃப்ளாட்டின் பால்கனி. நுட்பமாகச் சொன்னால், ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட ஒரு சாண் இடம். ஆய்வுப் பொருள், நாலு ஈர்க்குச்சியையும் ஒரு ஒயர்த் துண்டையும் போட்டுவிட்டு அதைக் கூடு என்று சாதிக்கும் ஒரு ஜோடி மாடப்புறா. ஆய்வாளர், வேறு வேலை இல்லாதவர் என மனைவியால் சான்றளிக்கப்பெற்றவர்.

முன்னோர் செய்தவற்றை முதலில் நோக்குவோம். புறாவுக்காகத் தன்னையே தந்த சிபி மன்னனைச் சோழர் குலத்து முன்னோனாகப் புறநானூறு போற்றுகிறது. புறாவின் எடைக்கு ஈடாகத் தொடைச் சதையை அரிந்து அரிந்து வைத்தும் புறா இருந்த தட்டே தாழ்ந்தது, கடைசியில் சிபியே தராசில் ஏறினான் என்பது கதை. கதை சொல்வோர் இதைத் தெய்வச் சோதனை என்று முடித்துவிடுவார்கள். என் துணிபு வேறு. அன்று நிறுத்தது புறாவை மட்டுமல்ல. அதன் பேன், ஈ, குடற்புழு, ரத்தக் கிருமி அனைத்தையும் சேர்த்து. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், "எல்லாம் சேர்ந்தாலும் பத்து கிராம் தேறாது சார்" என்கிறார். அவர் எங்கள் வீட்டுப் புறாவைக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

குடித்தனக்காரர்களில் மூத்தது சிறகுப் பேன். 1758-இலேயே லின்னேயஸ் பெயரிட்டுப் பட்டா கொடுத்துவிட்டார். இன்றைய பெயர் கொலம்பிகோலா கொலம்பே. கொலம்பிகோலா என்றால் புறாவில் வசிப்பது. பெயரிலேயே விலாசம். நம் தலைப்பேன்போல ரத்தம் குடிக்காது, உடம்பின் பஞ்சு இறகைத் தின்னும். ஆள் ஒல்லி. சிறகின் இழைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். மாலை ஆறரை மணிக்கு மாம்பலத்தில் தாம்பரம் வண்டி ஏறியவர்களுக்கு இந்த நிலையை விளக்க வேண்டாம்.

இவ்வளவு ஒடுக்கம் புறாவின் அலகுக்குப் பயந்து. மேலலகின் நுனி கீழலகைத் தாண்டி மயிரிழை வளைந்திருக்கும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேல் கிளேட்டன் குழுவினர் அந்த நுனியை மட்டும் நறுக்கிப் பார்த்தார்கள், பேன் பெருகிவிட்டது. அதாவது, புறா ஈருளியை மூக்கிலேயே மாட்டிக்கொண்டு பிறந்திருக்கிறது. அதே குழுவினர் சாதாரணப் புறாவின் பேன்களைப் பெருத்த ஜாதிப் புறாக்களின் மேல் குடியேற்றி, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு ஆண்டு, சுமார் அறுபது தலைமுறை. பேன்கள் பெருத்துவிட்டன, ஊரிலிருந்த ஒல்லிப் பேன்களோடு ஜோடி சேரத் திணறின. எங்கள் அசோசியேஷனில் அமெரிக்காவில் பிள்ளை உள்ள பெற்றோர் இந்தப் பத்தியை வரன் தேடும் முன் இருமுறை படிக்கவும்.

அடுத்து புறா ஈ. தட்டையாக இருக்கும், நண்டுபோல் பக்கவாட்டில் ஓடும், கையால் அறைந்தால் சாகாது. இது முட்டையிடுவதில்லை. ஒரே ஒரு புழுவை வயிற்றுக்குள்ளேயே ஊட்டி வளர்த்து, முற்றியபின் பெற்றுப் போடுகிறது. அது கூட்டோரம் கறுத்துக் கெட்டியாகிக் கிடக்கும். பால்கனி பெருக்கியபோது கிடைத்த சிலவற்றை என் அம்மா ஏதோ விதை என்று தொட்டியில் ஊன்றப் போனார். ஆய்வு கருதித் தடுத்தேன்.

பேனுக்கு இறக்கை இல்லை. வேறு புறாவுக்குக் குடிபோக வேண்டுமானால் இந்த ஈயின் காலைப் பற்றித் தொங்கிக்கொண்டு போவதும் உண்டு. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் வந்தது 1931-இல். பேனுக்கு அந்த வசதி அதற்கு எவ்வளவோ முன்பே உண்டு, அதுவும் டிக்கெட் இல்லாமல். உடம்புப் பேன் என்றொரு குண்டு ஜாதி இருக்கிறது. அதற்குக் கால் பிடிக்க வராது. பிளாட்பாரத்திலேயே நிற்கும்.

ஈயின் எச்சிலில் இன்னொரு பயணி உண்டு: மலேரியாவின் பங்காளியான ஹீமோபுரோட்டியஸ் என்னும் ரத்தக் கிருமி. ரொனால்ட் ராஸ் 1898-இல் கல்கத்தாவில் பறவை மலேரியாவைக் கொசு பரப்புவதைச் சிட்டுக்குருவியை வைத்து நிறுவினார். புறாவின் கிருமிக்குக் கொசு வாகனமல்ல. ஈதான் வாகனம் என்று 1906-இல் அல்ஜீரியாவில் செர்ஜான் சகோதரர்கள் காட்டினார்கள். ஈயின் உடலுக்குள் அது வளரும் கதையை 1915-இல் எழுதியவர் இந்தியாவில் ஆய்வு செய்த ஹெலன் ஏடி என்ற பெண்மணி. ஈயை அறுத்து வயிற்றைப் பார்த்த அந்தப் பொறுமைக்கு முன் என் பால்கனி ஆய்வு ஒன்றுமில்லை என்பதை இங்கே விளையாட்டை விட்டுச் சொல்கிறேன்.

இந்தக் கிருமி மனிதருக்கு வராது, பேனும் நம் தலையில் தங்காது. ஈ எப்போதாவது கடிக்கும். பயப்பட வேண்டியது காய்ந்த எச்சத்தின் தூளுக்கு. அது நுரையீரலுக்கு ஆகாது. அதனால் தண்ணீர் தெளித்துவிட்டே பெருக்குகிறோம்.

முடிவுரைக்கு முன்பே பால்கனிக்குப் புறா வலை கட்டுபவர் வந்து அளவெடுத்துவிட்டார். கூட்டில் இரண்டு குஞ்சுகள். அவை பறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை கட்ட மாட்டேன் என்று போய்விட்டார். ஆகவே ஆய்வுக் காலம் நீட்டிக்கப்படுகிறது. நிதி நல்க விரும்புவோர் பழைய பேப்பரும் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் கொடுத்தனுப்பினால் போதும்.