சாவி என் மடியில இருக்கு பேராண்டி

வா பேராண்டி, இப்படிக் குந்து. பழவேற்காட்டுப் பாலத்துலேர்ந்து லைட்ஹவுஸ் குப்பம் வரைக்கும் நேத்து நீ பறந்ததைத்தான் ஊரே பேசிக்கினு இருக்கு. சைலன்சரை வேற கழட்டிட்டியாமே! பத்து வருஷமா காது கேக்காத உன் ஆயா திரும்பிப் பார்த்தா. டாக்டரால ஆகாததை நீ பண்ணிட்டே.

ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. அவ்ளோ வேகமா எங்கடா போனே? ரோடு முடிஞ்சா கடலு. முந்தினவனும் அங்கதான் நின்னான், பிந்தினவனும் அங்கதான் நின்னான். நண்டுக்கூடையோட ஆடி அசைஞ்சு வந்தாளே கெழவி, அவளும் அங்கதான் வந்து நின்னா.

பந்தயமே வேணாம்னு நான் சொல்வேனா? வாலிபத்துல நானே சோழவரம் போய்ப் பார்த்தவன். ரெண்டாம் உலக யுத்தத்துல ஏரோப்ளேன் இறங்கப் போட்ட ஓடுபாதை அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரங்க அங்கதான் பந்தயம் விட்டாங்க. அப்புறம் இருங்காட்டுக்கோட்டையில அதுக்குன்னே தடம் போட்டாங்க. அங்க எதிர்ல மீன் வண்டி வராது, குறுக்கே ஆடு வராது, காயவச்ச வலையில சக்கரம் மாட்டாது. உனக்கு அது சப்புனு இருக்கும்போல.

'வெளிநாட்டுல பொது ரோட்டுலயே விடுறான் தாத்தா'ன்னு போன்ல காட்டினே. நெசந்தான். ஐல் ஆஃப் மேன் தீவுல 1907லேர்ந்து விடுறான். ஊருக்குச் சொல்லி, ரோட்டை அடைச்சுட்டு விடுறான். அப்படியும் 250 பேருக்கு மேல போய்ச் சேர்ந்துட்டாங்க. நம்ம ஏரியில இறால் பிடிக்கவே சீட்டுப் போட்டு, இன்னிக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடுன்னு முறை வச்சிருக்காங்க. நீ வண்டியை எடுத்தா மட்டும் எல்லாருக்கும் ஒரே நாள்ல பாடு!

உனக்கு 17 வயசு. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினவங்க உன்னையும் நெனைச்சுக்கினுதான் எழுதியிருக்காங்க. 18 ஆகாத புள்ள வண்டியில குத்தம் பண்ணா, அப்பனுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயிலு, 25,000 ரூபா அபராதம். வண்டியோட பதிவு 12 மாசத்துக்கு ரத்து. உனக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. புது செல்போன் வாங்கித் தரலன்னு அப்பன் மேல உனக்குக் கோவம், தெரியும். அதுக்காக 3 வருஷமா? கொஞ்சம் கொறைச்சுக்கடா. வலை இழுக்க ஆள் வேணும்.

18 முடியட்டும், லைசென்ஸ் எடு. ஆயாவைப் பின்னாடி ஏத்தி, அவ மடியில மீன்கூடையை வச்சு, பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கினு போ. ஐஸ் உருகுது, சீக்கிரம் போடான்னு முதுகுல குத்துவா. அப்பவும் ஒரு மீன் கீழ விழாம போய்ச் சேர்ந்தியானா, இந்தக் குப்பத்துல நீதான்டா முதல் பந்தயக்காரன்.

அதுவரைக்கும் சாவி என் மடியில இருக்கும்.