கேட்டலும் கேட்டல் நிமித்தமும்: வீட்டுக் கணினியில் ஸ்கைப் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

குரல் இணையத்தில் எப்படிப் பயணம் செய்கிறது என்பது பற்றிப் பொறியியலார் நிறைய எழுதிவிட்டார்கள். ஒலியை நொடியில் ஐம்பதில் ஒரு பங்காக நறுக்குவது, ஒவ்வொரு துண்டுக்கும் முகவரி ஒட்டுவது, மறுமுனையில் வரிசை பிசகாமல் கோப்பது என எல்லாவற்றுக்கும் நூல் உண்டு. ஆனால் இவ்வளவு பாடுபட்டுப் போய்ச் சேர்ந்த குரல் அங்கே என்ன சொல்கிறது என்று ஆராய்ந்தவர் இலர். அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

கருதுகோள்

அழைப்புக்கான கட்டணம் குறையக் குறைய அழைப்பின் நீளம் கூடும். அதிலுள்ள செய்தி குறையும். கட்டணம் பூஜ்ஜியத்தைத் தொடும்போது செய்தியும் பூஜ்ஜியத்தைத் தொடும்.

ஆய்வு எல்லையும் ஆதாரங்களும்

கால எல்லை, 2005-இல் பிராட்பேண்ட் வீடுகளுக்குள் வரத் தொடங்கியது முதல், கைப்பேசி அந்த வேலையைப் பறித்துக்கொண்டது வரை. இட எல்லை, ஒருமுனையில் தமிழ்நாட்டு வீடொன்றின் ஹால் மூலை. மறுமுனையில் மகன் இருக்கும் நியூ ஜெர்சி. முதன்மை ஆதாரங்கள் அம்மாவும் அப்பாவும். துணைமை ஆதாரம் பக்கத்து வீட்டுப் பையன். அவன் படிப்பது மெக்கானிக்கல்தான் என்றாலும் ‘கம்ப்யூட்டர் தெரிந்தவன்’ என்று தெருவே ஒப்புக்கொண்டுவிட்டதால், அவன் கூற்று மறு ஆய்வின்றி ஏற்கப்படுகிறது.

வரலாற்றுப் பின்னணி

ஸ்கைப் 2003 ஆகஸ்ட் 29 அன்று வெளியானது. சுவீடனைச் சேர்ந்த நிக்லஸ் சென்ஸ்ட்ரோமும் டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் ஃப்ரீஸும் தொடங்கியது. நிரலை எழுதியவர்கள் எஸ்டோனிய நாட்டினர். இதே கூட்டணி அதற்கு முன்பு கசா என்ற பாட்டுப் பகிர்வு மென்பொருளைச் செய்திருந்தது. மையத்தில் ஒரு பெரிய எக்ஸ்சேஞ்ச் இல்லாமல், பயன்படுத்துவோரின் கணினிகளே ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து அழைப்பைச் சுமக்கும் ஏற்பாடு அங்கிருந்து வந்ததே. 2005-இல் ஈபே இதை 260 கோடி டாலருக்கு வாங்கியது. 2011-இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலர் கொடுத்தது. இவ்வளவு பணம் கைமாறியதும், “இன்னிக்கு என்ன குழம்பு?” என்ற வினா கண்டம் தாண்டுவதற்காகவே என்பதை அந்நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் பதிவு செய்யத் தவறிவிட்டன.

நிறுவுதல்

மென்பொருளை நிறுவுவது எளிது. ‘நெக்ஸ்ட்’ என்ற பொத்தானைத் தொடர்ந்து அழுத்தும் பொறுமை போதும். நிபந்தனைகளை முழுதும் படித்த பின்பே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது, ஓய்வுபெற்ற அரசு ஊழியரான அப்பாவின் கொள்கை. அதனால் இக்கட்டம் மட்டும் மதியச் சாப்பாடு வரை நீண்டது. கடவுச்சொல் தினசரிக் காலண்டரின் அன்றைய தாளில் குறித்து வைக்கப்பட்டது. மறுநாள் காலை அந்தத் தாள் கிழிக்கப்பட்டதால், நிறுவும் படலம் இரு பாகங்களாக நடந்தது.

அடுத்தது ஹெட்போன். இதில் பச்சை முனை ஒன்று, இளஞ்சிவப்பு முனை ஒன்று. பச்சை காதுக்கு, இளஞ்சிவப்பு வாய்க்கு என்பது 1990-களின் இறுதியில் கணினித் துறை வகுத்துக்கொண்ட நிற மரபு. மரபு நல்லதுதான். ஆனால் துளைகள் சி.பி.யூ.வின் பின்புறத்தில் இருக்கின்றன, பின்புறம் சுவரை ஒட்டி இருக்கிறது, மேசைக்கு அடியில் நிறம் தெரிவதில்லை. ஆகவே டார்ச் லைட்டை இன்றியமையா உதிரிக் கருவியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கருவிகள் சரியா என்று பார்க்க ஸ்கைப் ஒரு சோதனை அழைப்புச் சேவையை வைத்திருந்தது. அழைத்தால் ஒரு பெண் குரல் வரவேற்கும். மணியடித்த பின் நாம் பேசுவதைச் சில நொடிகள் பதிந்து நமக்கே போட்டுக்காட்டும். அந்தப் பெண்ணிடம் அம்மா, “சாப்டியாம்மா?” என்று கேட்டார். சற்று நேரத்தில் “சாப்டியாம்மா?” என்ற கேள்வியே திரும்பி வந்தது. “ஆச்சும்மா, இப்பதான்” என்றார் அம்மா. எந்திரத்தோடு நடந்த இவ்வுரையாடலுக்கும் பின்னாளில் மகனோடு நடந்தவற்றுக்கும் பொருளளவில் வேறுபாடு காண இயலவில்லை. கருதுகோளுக்கு இது முதற்சான்று.

பொருள் இலக்கணம்

ஸ்கைப்பை ஒரு திணையாகக் கொண்டால் முதல், கரு, உரி மூன்றும் அதற்குக் குறைவின்றிப் பொருந்துகின்றன.

முதற்பொருள்: நிலம், ஹாலும் ஹாலைச் சார்ந்த இடமும். பெரும்பொழுது, ஆண்டு முழுவதும்; ஆயினும் மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவதால் அவ்விரு மாதங்களில் குழப்பம் மிகும். சிறுபொழுது, ஞாயிறு காலை 6.30, அங்கே சனி இரவு 8 மணி, கோடையில் 9. ஏன் அந்த விடிகாலை எனின், பி.எஸ்.என்.எல்.லின் ‘ஹோம் 500’ திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரையிலான பயன்பாடு அன்று கணக்கில் வரவில்லை என்பதால்.

கருப்பொருள்: மோடம், யூ.பி.எஸ்., கணினி மீது போர்த்திய பூப்போட்ட துணி, இரண்டாவது நாற்காலி, அது போதாமல் வரும் ஸ்டூல்.

உரிப்பொருள்: ‘கேக்குதா?’ எனக் கேட்டலும் கேட்டல் நிமித்தமும்.

கண்டறிந்த விதிகள்

முதல் விதி, உரத்த குரல் பற்றியது. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவர் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் 1911-இல் விளக்கினார். எம் ஆய்வுக் களத்தில் விடிகாலை, இரைச்சலே இல்லை. ஆயினும் குரல் தெருமுனை வரை சென்றது. நியூ ஜெர்சி ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், அத்தொலைவில் ஒரு பகுதியையாவது தாமே கடந்து உதவ வேண்டும் என அப்பா கருதியதே காரணம் எனத் துணியலாம்.

இரண்டாம் விதி, உபசாரம் பற்றியது. எதிரெதிரே அமர்ந்து பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே விழும் இடைவெளி, சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சுற்றுவழி, வரிசையில் காத்திருப்பு, துண்டுகளைக் கோக்கும் நேரம் எல்லாம் சேர்ந்தால் அந்த இடைவெளி முழுவதும் கம்பியிலேயே கழிந்துவிடும். ஒருமுனைத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. மீறினால், மௌனம் என்று எண்ணி இருவரும் ஒரே சமயத்தில் தொடங்குவர், இருவரும் நிறுத்துவர், “சொல்லுடா” என்பார் அப்பா, “நீங்க சொல்லுங்கப்பா” என்பான் மகன். பின்பு இருவரும் மீண்டும் ஒரே சமயத்தில் தொடங்குவர். ஊரில் இருந்தவரை அப்பாவின் பேச்சுக்குக் குறுக்கே பேசி வந்த பிள்ளை அமெரிக்கா போனதும் பண்பட்டுவிட்டதாகக் குடும்பத்தார் பெருமை கொள்வது இதனால்தான்.

மூன்றாம் விதி, பார்வை பற்றியது. கேமரா திரைக்கு மேலே இருக்கிறது. பார்க்க வேண்டிய முகமோ திரையில் இருக்கிறது. அம்மாவின் கண்ணைப் பார்ப்பவன் கேமராவைப் பார்ப்பதில்லை. அதனால் அன்போடு நோக்குந்தோறும் மகன் தலைகுனிந்தவனாகவே காட்சி தருகிறான். “ஏண்டா தரையையே பாக்குற? ஆபீஸ்ல ஏதாச்சும் பிரச்சனையா?” என்ற ஐயம் ஒவ்வொரு வாரமும் எழுவது தொழில்நுட்பத்தின் விளைவே. 320-க்கு 240 புள்ளிகள் கொண்ட படத்தில், புள்ளிகள் பாதி உறைந்த நிலையிலும், “இளைச்சுட்டே” என்று அம்மா துல்லியமாகக் கண்டறிவதை இவ்விதி விளக்காது. அது வேறு துறை. அப்பாவின் பங்குக்கு மறுமுனையில் தெரிவது திருநீறு பூசிய நெற்றியும் மின்விசிறியும்.

நான்காம் விதி, எதிரொலி பற்றியது. ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் விட்டால் மகனின் குரல் மைக்கில் புகுந்து அவனுக்கே திரும்பிப் போகும். எதிரொலியை நீக்க மென்பொருளுக்குள் தனிக் கணிதம் உண்டு. ஒரே சமயத்தில் அத்தை, சித்தப்பா, குக்கர் மூவரும் பேசும் நிலையை அக்கணிதம் எதிர்பார்க்கவில்லை. ஹெட்போனைத் திரும்ப மாட்டினால் ஒரு காது அம்மாவுக்கு, ஒரு காது அப்பாவுக்கு என்ற பாகப்பிரிவினை தேவைப்படும்.

தடையும் விடையும்

அஃதேல், சொல்ல ஒன்றுமே இல்லாத அழைப்புக்கு இத்தனை கருவியும் விடிகாலை விழிப்பும் எற்றுக்கெனின், கூறுதும். டிரங்க் கால் காலத்தில் மூன்று நிமிடம் ஓர் அலகு. பிறப்பு, இறப்பு, பணம் ஆகிய மூன்றுக்கே அது போதும். தொலைபேசி மணி அடித்தாலே வீடு கலங்கியது. ஐ.எஸ்.டி. பூத்தில் சிவப்பு எண்கள் ஓட ஓட, செய்தி தலைதெறிக்க ஓடியது. நலம் விசாரிக்க இடமில்லை. செய்திக்கென்று அழைப்பது வெளியூர்க்காரர்களின் வழக்கம். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்வதில்லை. குழம்பைப் பற்றியும் மின்வெட்டைப் பற்றியும் பேசிவிட்டுச் சும்மா இருப்பார்கள். கட்டணம் நீங்கிய பின் நியூ ஜெர்சியும் அவ்வாறே வீட்டின் ஓர் அறையாயிற்று என்க. அப்பா செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, அழைப்பையும் துண்டிக்காமல் இருந்ததற்கு வேறு விளக்கம் இல்லை.

முடிவுரை

ஸ்கைப் 2025 மே 5 அன்று நிறுத்தப்பட்டது. விதிகள் நான்கும் பழுதின்றிக் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் ஆய்வுக்கு இழப்பில்லை. கருதுகோளில் மட்டும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. செய்தி பூஜ்ஜியத்தைத் தொடவில்லை. அழைப்பின் வாலுக்கு நகர்ந்துவிட்டது. 7.55-க்கு, “சரிடா, வைக்கட்டுமா?” என்று கேட்ட பிறகுதான், “அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, ஒண்ணும் பயமில்ல” என்பது வெளிப்படுகிறது. “நானும் இந்த வேலையை விட்டுடலாம்னு பாக்குறேம்மா” என்பதும் அப்போதுதான். எட்டு மணிக்குக் கணக்கு ஓடத் தொடங்கியும் அன்று யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

ஆகவே, இனி அழைப்போர் அனைவரும் இணைப்புக் கிடைத்த உடனேயே, முதல் வாக்கியமாக, “வைக்கட்டுமா?” என்று கேட்குமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.