எஃப்.சி. பிரேக்கும் மலை பிரேக்கும்: பழனிமலைச் சாலைகளின் பழைய வேன்களை முன்வைத்து ஓர் ஆய்வு

வண்டிக்குள்ளேயே படுத்து, வண்டியருகிலேயே சமைத்து உண்டு ஊர் சுற்றும் வழக்கம் மேனாட்டினருக்கே உரியது எனவும், அதற்குக் கட்டிலும் அடுப்பும் பொருத்திய தனிவகை வேன் தேவை எனவும் சிலர் கருதுவர். தைப்பூசத்தின்போது பழனி அடிவாரத்தில் நிற்கும் வேன்களைக் கண்டவர் இக்கருத்தை ஏற்கமாட்டார். இருக்கைகளுக்கு இடையே ஜமுக்காளம், பின்கதவோரம் கேஸ் அடுப்பும் அண்டாவும், கூரைமேல் தார்ப்பாயால் மூடிய அரிசி மூட்டை, முன்கண்ணாடியில் வேல் ஒட்டுப்படம் என்று அமைந்த பழைய மேட்டடாரும் டெம்போ டிராவலரும் பாதயாத்திரைக் குழுக்களுக்குப் பின்னே ஊர்ந்து வந்து, தரிசனம் முடிந்தபின் குழந்தைகளின் வற்புறுத்தலால் கொடைக்கானலுக்கும் ஏறிவிடுகின்றன. இவ்வகை வண்டியின் பிரேக்கே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். ஏறும்போது எவரும் அதை நினைப்பதில்லை என்பதால், ஆய்வு பெரிதும் இறக்கத்தைப் பற்றியதாகவே அமைகிறது.

முதலில் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, வாடகைக்கு ஓடும் வண்டி தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். எட்டு வயது கடந்த வண்டி அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இச்சான்றைப் பெறும் சடங்கு 'எஃப்.சி. காட்டுதல்' எனப்படும். சான்று வழங்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் விளக்கு, ஹாரன், வைப்பர், ஒளிரும் பட்டை, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் முதலிய பலவற்றையும் பார்ப்பவரே ஆயினும், தமிழ்நாட்டு மக்கள் அவரைப் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே அழைத்து வருகின்றனர்; ஒரு வண்டியில் அரசு கவலைப்பட வேண்டிய உறுப்பு எது என்பதில் மக்களுக்கு ஐயம் இருந்ததில்லை. முதலுதவிப் பெட்டியை இரவல் வாங்கலாம், நல்ல டயரைக்கூடப் பக்கத்து வண்டியிலிருந்து ஒரு நாளைக்குக் கழற்றி மாட்டலாம். பிரேக்கை மட்டும் இரவல் வாங்குதல் எளிதன்று. ஆகவேதான் எஃப்.சி.க்கு முந்தைய இரண்டு நாள்களில் வேன் பட்டறைக்குச் செல்கிறது. (பழனிக் கோயிலின் ரோப் கார் ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ ஒரு மாதம் பராமரிப்புக்காக நிறுத்தப்படுகிறது என்பதையும், அது பிறிதொரு வண்டிக்கு வழிவிட்டுக் கொண்டை ஊசி வளைவில் திரும்புவதே இல்லை என்பதையும் இங்கே ஒப்புநோக்கலாம்.)

பட்டறையில் நடப்பது பின்வருமாறு. சக்கரத்தைக் கழற்றி, டிரம் எனப்படும் வார்ப்பிரும்புக் கிண்ணத்தை உருவினால், அதனுள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூக்களும் அவற்றின்மேல் ரிவெட் அடித்த லைனிங்கும் தென்படும். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் குழாய் வழியே அழுத்தத்தைக் கொண்டுசென்று, வீல் சிலிண்டரின் வாயிலாக ஷூக்களை விரித்து டிரம்மின் உட்புறத்தில் உரசச் செய்கிறது. லைனிங் தேய்ந்திருந்தால் புதிது பொருத்தவும், சூடேறிக் கண்ணாடிபோல் வழுவழுப்பாகியிருந்தால் உப்புத்தாளால் தேய்க்கவும், டிரம்மில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துக் கடையவும் வேண்டும். குழாயில் காற்று புகுந்திருந்தால் பெடல் மெத்தென்று கீழே போகும். அப்போது ஒருவர் உள்ளே அமர்ந்து மிதிக்க, மற்றவர் கீழே படுத்துத் திருகைத் தளர்த்த, 'மிதி', 'பிடி', 'விடு' என்ற மூன்றே சொற்களாலான உரையாடல் நெடுநேரம் நடைபெறும். இதற்கு ஏர் எடுத்தல் என்று பெயர். வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர் கசிந்து ஒரு சக்கரத்தின் லைனிங் மட்டும் ஆயிலில் நனைந்திருந்தால், மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சமவெளியில் இது சிறு குறை. மலையிலோ, இழுக்கும் பக்கத்தில் இருப்பது பாறையா பள்ளமா என்பதைச் சாலை வளைவுக்கு வளைவு மாற்றிக்கொண்டே செல்கிறது.

இவ்வாறு செப்பனிடப்பட்ட வேன் தேர்வுக்குச் செல்கிறது. தேர்வு பெரும்பாலும் சமதளத்தில், ஆள் ஏறாத வண்டியில், ஆறிய டிரம்மோடு நடைபெறுகிறது. சிறிது வேகமெடுத்து ஓங்கி மிதித்தால் வண்டி நேராக நிற்க வேண்டும். இரண்டு டன் எடையுள்ள காலி வேன் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிற்கும்போது, அதன் இயக்க ஆற்றல் முழுவதும் வெப்பமானாலும், அவ்வெப்பம் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவே போதுமானது. இப்போது அதே வேன் பக்தர்களும் அண்டாவும் ஏறி மூன்று டன்னாகி, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலிலிருந்து பழனிக்கோ வத்தலக்குண்டுக்கோ 1,800 மீட்டர் இறங்குவதாகக் கொள்வோம். இழக்கப்படும் ஆற்றல் ஐந்து கோடி ஜூலுக்கு மேல். கணக்கிட்டால் 180 லிட்டர் தண்ணீர் கொதிக்கும். டயர் உரசலும் காற்றும் இதில் பாதியை விழுங்கினாலும், எஞ்சிய வெப்பத்தைக் கொண்டு அன்னதானத்துக்கு உலை வைக்கலாம். டம்ளர் அளவில் தேறியது எஃப்.சி. பிரேக், அண்டா அளவில் தேறவேண்டியது மலை பிரேக். ஒரே டிரம்முக்குள் வாழும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இத்துறையின் தலையாய பிழை.

மலை பிரேக் தோற்கும் முறைகள் நுட்பமானவை. சூடேறிய டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடிப்பும் குறைகிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது: டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது என்றால், ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். பெருமாள்மலை மூடுபனியில் ஆண்டுக்கணக்கில் ஓடிய வண்டியின் ஆயில் எந்நிலையில் இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. கொதித்த ஆயில் குழாயில் ஆவிக் குமிழாகிறது. குமிழ் அமுங்கிக் கொடுக்குமேயன்றி அழுத்தத்தைக் கடத்தாது. பட்டறையில் ஏர் எடுத்தவரின் உழைப்பு அனைத்தும் சவரிக்காட்டு வளைவொன்றில் இவ்வாறு வீணாகிறது.

இதற்கான மருந்தை மலை ஓட்டுநர்கள் நெடுங்காலமாக அறிவர்: ஏறிய கியரிலேயே இறங்கு. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்வதால் பிரேக்குக்கு வேலை குறைகிறது. எதிர்க்கட்சி ஒன்றும் உண்டு; டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு எஞ்சினையும் அணைப்பவர்கள் அதன் உறுப்பினர்கள். எஞ்சின் நின்றால் பெடலுக்கு வலுவூட்டும் வேக்கம் பூஸ்டருக்கு வெற்றிடம் தரும் பம்பும் நின்றுவிடுகிறது. இரண்டொரு மிதிக்குப்பின் பெடல் கல்லாகிவிடும். ஆகக் கூடி, கொடைக்கானலில் டீசலை மிச்சப்படுத்துபவர் எஞ்சின் பிடிப்பையும் பூஸ்டரையும் ஒருசேரச் செலவழிக்கிறார். எஃப்.சி.யில் இப்பழக்கத்தைக் கண்டறியும் வழி இல்லை. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வேண்டப்படும் இ-பாஸும் பிரேக்கைப் பற்றி வினவுவதில்லை. 2021-இல் மத்திய விதிகளில் இடம்பெற்ற தானியங்கிச் சோதனை நிலையங்கள் சக்கரத்தை உருளைகள்மேல் சுழற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிடிப்பையும் தனித்தனியே அளக்கவல்லவை. ஒரு பக்கம் இழுக்கும் வண்டிகளுக்கு இது கெட்ட செய்தி. எனினும் உருளையும் சமதளத்திலேயே சுழல்கிறது.

கைப்பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வேன்களில் அதன் கேபிள் துருவேறி, போட்டால் பிடிக்காமலும் பிடித்தால் விடாமலும் இருக்கும். பிடித்தபின் விடாமைக்குப் பழனியிலேயே தொன்மையான சான்று உண்டு: அகத்தியருக்காக இரு மலைகளைக் காவடியாகச் சுமந்துவந்த இடும்பன் அங்கே சற்றே இறக்கிவைத்தான், பின்னர் தூக்க இயலவில்லை. சாலைகளில் கைப்பிரேக்குக்கு மாற்றாக விளங்குவது கிளீனரின் கட்டை. வண்டி நின்றதும் நிற்காததுமாகக் குதித்தோடிப் பின்சக்கரத்தின்கீழ் அவர் செருகும் மரக்கட்டை, அது இல்லையேல் சாலையோரக் கல், கேபிளோ ஆயிலோ இன்றி இயங்குவது; ஈரத்தால் கெடாதது; எஃப்.சி. படிவத்தில் இடம்பெறாதது.

இறுதியாக ஆற்றுமுறை. இறக்கத்தில் டம்டம் பாறை போன்ற இடங்களில் வேன்கள் நின்று டீ குடிப்பதைப் பயணிகள் சோம்பல் எனக் கருதுவர். டிரம்கள் ஆறுவது அந்நேரத்தில்தான். அவசரக்காரக் கிளீனர் சிலர் புகையும் டிரம்மின்மேல் வாளித் தண்ணீரை ஊற்றுவதும் உண்டு. பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பு திடீரெனக் குளிர்ந்தால் விரிசல் விடக்கூடும் என்பதால், தண்ணீர் ரேடியேட்டருக்கு, டீ ஓட்டுநருக்கு, டிரம்முக்குக் காற்று மட்டும் என்று மூத்த ஓட்டுநர்கள் பங்கிட்டு வைத்துள்ளனர்.